பொட்டு வைத்த பெட்டிகள்

"ஆளே இல்லாத பிளேன்தானேடி. ஓட்டிக்கினு போயிருந்தா இன்னா?"

இதை என்னிடம் முதலில் கேட்டது எங்கள் குப்பத்தின் தலைவர் வரதன் மாமா இல்லை. நண்டு ஏஜெண்ட் தனசேகரும் இல்லை. என் அம்மா காந்தா. போனில் கேட்டாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் பேசுவதும், கடல் காற்று போனில் மோதி இரைவதும் கேட்டன.

"அம்மா, நடந்தது இன்னான்னா..."

"நடந்தது ஊருக்கே தெரியும். ஞாயித்துக்கெழம சபை கூட்டிக்கீறாங்க. நீ வரணுமாம். உங்க நைனா யாரு மூஞ்சியும் பாக்கறதில்ல. வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தால் விரல்கள் குளிர்ந்துபோகும். மீனம்பாக்கத்தில் என் வாடகை வீட்டில், கத்திரி வெயிலில், குளிர்ந்த விரல்களோடு உட்கார்ந்திருந்தேன். "ஆளே இல்லாத" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன், பல்லிடுக்கில் சிக்கிய முள்ளை நாக்கு தொட்டுக்கொண்டே இருப்பதைப் போல.

நான் சரக்கு விமானம் ஓட்டுகிறேன். அதற்கு முன்பு சில வருடங்கள் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக இருந்தேன். அந்த நாட்களில் குப்பத்துக்கு மேலே எந்த விமானம் போனாலும் அம்மா அண்ணாந்து பார்ப்பாள். "பானு போவுது" என்று பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்வாள். நான் அப்போது டெல்லியில் ஒரு விடுதி அறையில் தூங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் சரக்குக்கு மாறினேன், கேப்டன் ஆனேன். அம்மா அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். "கார் ஓட்டினது இப்ப லாரிக்கு வந்துட்ச்சு" என்று தனசேகர் டீக்கடையில் சொன்னானாம். லாரி ஓட்டுவதில் என்ன கேவலம் என்று நான் கேட்டேன். அம்மா பேச்சை மாற்றிவிட்டாள்.

வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. பயணிகள் விமானத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஊரே இருந்தது. குழந்தை வீறிடும். இறங்கும்போது சக்கரம் சற்று பலமாகத் தரையைத் தொட்டால் அத்தனை பேரும் மூச்சை இழுப்பார்கள், கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு அது கேட்பது போலவே இருக்கும். கால் மணி நேரம் தாமதமானால் கத்துவார்கள். இடிமேகத்தைச் சுற்றிக்கொண்டு போகும்போது அவர்களுக்காகச் சுற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். நான் பத்திரமாக இருப்பது, அவர்கள் பத்திரமாக இருப்பதற்குள் எங்கோ அடங்கியிருந்தது. அதைத் தனியாக எடுத்து நினைக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

சரக்கு விமானத்தில் ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்திருப்பார்கள். சோற்றை நாங்களே சுடவைத்துக்கொள்வோம். நானும் துணை விமானியும் மட்டும். எங்கள் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு தடித்த வலை கட்டியிருக்கும், சரக்கு அறுத்துக்கொண்டு முன்னால் பாய்ந்தால் எங்களை நசுக்காமல் பிடிப்பதற்கு. முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வலையின் எந்தப் பக்கம் மீன்? தீப்பிடித்தால் செய்ய வேண்டியதும் வேறு. விமானத்திலிருக்கும் காற்றையே வெளியே விட்டுவிடுவோம். நாங்கள் முகமூடியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓட்ட வேண்டும், பின்னால் தீ மூச்சுத் திணறிச் சாக வேண்டும். பின்னால் மனிதர்கள் இருந்தால் இதைக் கனவிலும் செய்ய முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. பயணி தன் பெல்ட்டைத் தானே போட்டுக்கொள்வான். சரக்கு போட்டுக்கொள்ளாது. யாரோ ஒருவன் கட்டியிருப்பான். அவனை நம்பித்தான் நான் ஏற வேண்டும். ஏறுவதற்கு முன்னால் அவனை நம்பாமல் ஒரு முறை நடந்து பார்க்கவும் வேண்டும்.

ஆபத்து என்று நாங்கள் ரேடியோவில் அறிவித்தால் தரையிலிருந்து கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, உள்ளே எத்தனை பேர் என்பது. எத்தனை ஆம்புலன்ஸ் அனுப்புவது என்று தெரிய வேண்டுமே. பயிற்சியில் நூற்று எண்பது, நூற்று எண்பத்தாறு என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, "இரண்டு" என்று சொல்லப் பழகக் கொஞ்ச நாள் ஆனது. அவ்வளவு சிறிய எண்ணைச் சொல்ல ஏதோ கூச்சமாக இருந்தது.

எல்லாம் அம்மா கேட்ட ஒரு கேள்வியில்தான் ஆரம்பித்தது. "சிங்கப்பூருக்கு எப்பப் போற?" என்று ஒரு நாள் போனில் கேட்டாள். சரக்குக்கு வந்த பிறகு அவள் என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. சந்தோஷத்தில் நாளையும் நேரத்தையும் சொன்னேன்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் லைட்ஹவுஸ் குப்பத்தை அடுத்து இருக்கிறது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு தண்ணீரில் இறங்கினால், அதில் வந்த முதல் மீன் கூடைகளுக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைப்பார்கள். பொட்டு வைத்த சரக்கைப் பிரிக்கக் கூடாது. விற்கும் இடம் போய்ச் சேரும்வரை தரையில் இறக்கவும் கூடாது. பழவேற்காடு மார்க்கெட் வரைக்கும் தலை மாற்றித் தலை சுமந்து போவார்கள். இறக்கிவிட்டால் அந்த வருடம் ஏரி கை விரிக்கும் என்று பேச்சு.

அம்மா என் விமானத்தைப் புதுப் படகு என்று முடிவு கட்டிவிட்டாள். "நம்ப பொண்ணு ஓட்டற பிளேன்ல நம்ப நண்டு" என்று அவள் ஆரம்பித்து வைக்க, குப்பமே பிடித்துக்கொண்டது. வழக்கமாக எங்கள் நண்டு கொஞ்சம் கொஞ்சமாக, வெவ்வேறு நாளில், வெவ்வேறு கையில் போகும். இந்த முறை எல்லோரும் பிடித்த நண்டை விற்காமல் ஏரிக்குள் கூண்டில் உயிரோடு வைத்திருந்து, தனசேகர் மூலமாக ஒரே விமானத்தில் ஏற்றினார்கள். தெர்மாகோல் பெட்டிகளில் ஈரச் சாக்கு விரித்து அடுக்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டு வைத்தார்கள். என்னிடம் சொல்லவில்லை. நான் சிங்கப்பூரில் இறங்கிய பிறகு போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று அம்மா எல்லோர் வாயையும் கட்டி வைத்திருந்தாளாம்.

அன்று காலை ஏணியேறி சரக்குத் தளத்துக்குள் போனேன். வால் பக்கம் வலைக்கு அடியில் வரிசையாக வெள்ளைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் குங்குமம். எங்கள் ஊர்ச் சரக்கு என்று முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. ஏரிச் சேற்று வாசனை. ஒரு பெட்டியின் மூடி விலகி, ஒரு நண்டின் கொடுக்கு தெரிந்தது. பச்சை நைலான் நூலில் கட்டு, இரண்டு சுற்று, மூன்றாவது அடியில் செருகியிருந்தது. அது அம்மாவின் முடிச்சு. என் பள்ளிக்கூடப் பையின் அறுந்த வாரைக்கூட அவள் அப்படித்தான் கட்டுவாள். ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அவள் ஏன் நாள் கேட்டாள் என்பதும். கண் நிறைந்ததைத் துணை விமானி ஜோஷ்வா பார்த்துவிடக் கூடாது என்று திரும்பினேன்.

திரும்பியபோதுதான் மெஷினைப் பார்த்தேன்.

ஏதோ கப்பலுக்குப் போகும் கம்ப்ரசர். ஒரு ஆட்டோ அளவு இருக்கும். நடுவில் பலகைமேல் உட்கார்ந்திருந்தது. அதைத் தரையோடு பிணைக்க வேண்டிய பட்டைகளில் பாதிதான் இருந்தன. இருந்ததில் ஒன்றைக் கையால் இழுத்தேன், தொட்டில் சேலை மாதிரி ஆடியது.

தரைவேலை மேற்பார்வையாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "மேடம், மேல வலை போட்டிருக்கோம். போன வாரம்கூட இதே மாதிரி ஒண்ணு போச்சு."

"மேல போட்ட வலை பெட்டிக்குப் பத்தும். இந்த வெயிட்டுக்குப் பத்தாது. இன்னும் பட்டை போடுங்க. இல்லன்னா இறக்குங்க."

"பட்டை வரவழைக்கணும், மேடம். இறக்கணும்னா லோடர் வண்டி அந்தப் பக்கம் போயிருக்கு. ரெண்டுமே லேட் ஆயிடும்." கொஞ்சம் சிரித்தார். "பாசஞ்சரா மேடம்? சரக்குதானே."

அந்த இடத்தில், ஒரு நிமிடம், போய்விடலாமா என்று எனக்கும் தோன்றியது. காற்று அமைதியாக இருந்தது. பின்னால் அம்மாவின் முடிச்சு. என் வேலைக்கு அவள் வைத்த முதல் பொட்டு. பயணிகள் இருந்திருந்தால் இந்த ஒரு நிமிடம் வந்தே இருக்காது. பெல்ட் வேலை செய்யாத இருக்கையில் ஒரு ஆளை உட்காரவைத்துக் கிளம்பு என்று யாரும் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டேன். நானும் ஜோஷ்வாவும் மட்டும் என்றபோது, என் உயிரில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்று நானே எனக்குள் பேரம் பேசத் தொடங்கியிருந்தேன். அப்படிப் பேரம் பேசிய என் மேலேயே வந்த கோபம்தான் என்னை நிறுத்தியது. துணிச்சல், கடமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"மேடம்?" என்றான் ஜோஷ்வா. அவன் காது சிவந்திருந்தது. அவனும் பட்டையை இழுத்துப் பார்த்திருந்தான்.

"போகல" என்றேன். "உயிருள்ள சரக்கை முதல்ல இறக்கிக் குளிர் அறையில வையுங்க."

மேற்பார்வையாளர் தலையாட்டினார். பெட்டிகளைக் கையாலேயே இறக்கவும் செய்தார்கள். ஆனால் குளிர் அறைக்குக் கொண்டுபோக வண்டி இல்லை என்று, விமானத்தின் இறக்கை நிழலில் தரையில் அடுக்கினார்கள். நிழல் நகர்ந்துவிட்டது. பெட்டிகள் நகரவில்லை. பட்டைகள் வந்து சேர்வதற்குள் எங்கள் பணி நேரம் முடிந்து எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வேறு இரண்டு விமானிகள் அதே மெஷினை, இப்போது முறையாகக் கட்டி, சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். நண்டு அத்தனையும் செத்திருந்தது. விசாரணை முடியும்வரை நான் பறக்க வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன். அனுப்பம்பட்டைத் தாண்டும்போது ஜன்னலில் சூடான காற்று உப்போடு அடித்தது. பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து, பழவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் பாலம் கடந்து குப்பத்துக்குப் போனேன். கூட வந்த பெண்கள் என்னைத் தெரிந்தவர்கள்தான். ஒருத்தி தன் கூடையை என் பக்கத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நைனா வாசலில் உட்கார்ந்து படகு இன்ஜினின் பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளத்தது. என்னைப் பார்த்ததும் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

"துன்னியா?" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

"பசிக்கலம்மா."

"எப்டிப் பசிக்கும்? ஊரு நண்டு மொத்தத்தையும் துன்னுட்டு வந்துக்கீற."

"நிழல்ல வையுங்கன்னு நான் சொல்லல. குளிர் ரூம்ல வையுங்கன்னு..."

"இறக்கச் சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"பொட்டு பாத்தியா?"

"பாத்தேன்."

அம்மா திரும்பினாள். நான் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அந்த ஒரு சமாதானத்தையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

"பாத்துட்டாடி இறக்குன?"

பிறகு அவள் சொன்னதிலிருந்து விஷயம் தெளிவானது. கடல் நீர் ஏரிக்குள் ஏறும் முகத்துவாரத்தில் இறால் வலை கட்டும் உரிமையை நாங்கள் பாடு என்போம். அந்த இடம் எல்லோருக்கும் போதாது. அதனால் குப்பத்தின் தலைக்கட்டுகளுக்குச் சீட்டுப் போட்டு, முறை வைத்துக் கொடுப்பார்கள். தலைக்கட்டு என்றால் குடும்பத்துக்கு ஓர் ஆண். பெண்ணைத் தலைக்கட்டில் எண்ணுவதில்லை. நெடுநாள் காத்திருந்து நைனாவுக்கு இந்த அமாவாசை கழிந்ததும் பாடு வர இருந்தது. சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் பாடு உண்டு. இல்லாவிட்டால் அவர் சீட்டை எடுத்துவிடுவார்கள். பிறகு எத்தனை வருடமோ.

"நான் எதுக்கு வுழணும்?" என்றேன்.

"நீ இன்னாத்துக்கு வுழப் போற? பொம்பள சபையில வுழுவாளா? உங்க நைனா வுழுவாரு."

நான் நைனாவைப் பார்த்தேன். பிளக் தேய்ந்துகொண்டே இருந்தது.

"அப்போ என்னை ஏன் வரச் சொன்னாங்க?"

"பின்னாடி நிக்கறதுக்கு. தப்புப் பண்ணவ நின்னு பாக்கணுமாம்."

விரல்கள் குளிர்ந்தன. நான் "போகல" என்று சொன்ன அந்த ஒரு சொல், என் வாழ்க்கையில் நான் தனியாகச் சொன்ன மிகப் பெரிய சொல் அது, இங்கே என்னுடையதாகக்கூட இல்லை. தப்பு என்றாலும் அது நைனாவின் கணக்கில். எனக்கு ஒரு தப்பு செய்யும் அளவுக்குக்கூட ஆள் மதிப்பு இல்லை.

வெயில் தாழ்ந்ததும் கங்கையம்மன் கோயில் பக்கத்துக் கொட்டகையில் சபை கூடியது. ஆண்கள் உள்ளே மணலில். பெண்கள் வெளியே பூவரச மரத்தடியில். நடுவில், கவிழ்த்த ஐஸ் பெட்டியின் மேல், ஒரு தெர்மாகோல் பெட்டி. தனசேகர் ஏர்போர்ட்டிலிருந்து சாட்சிக்கு எடுத்து வந்தது. குங்குமம் வியர்த்து வழிந்து பக்கவாட்டில் இறங்கியிருந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை. செத்த பிறகும் அதைத் தரையில் வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

நைனா சட்டையில்லாமல் முன்னால் நின்றார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார்.

தனசேகர்தான் தொடங்கினான். "அந்த மெஷினு பத்திரமாப் போய்ச் சேந்துட்ச்சுண்ணே. நான் விசாரிச்சுட்டேன். அதே பிளேனு, அதே நாளு. நம்ப நண்டு மட்டும் செத்துச்சு. இரும்புக்கு இருக்கற மரியாதகூட நம்ப ஊருக்கு இல்லபா."

"கரெக்ட்டு" என்று நாலைந்து குரல்கள்.

"மாமா" என்றேன் பின்னாலிருந்து. "ஒரு கேள்வி."

கொட்டகை சலசலத்தது. வரதன் மாமா என்னைப் பார்க்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. நான் பைலட் படிப்புக்குப் போனபோது ரயிலடிவரை வந்து வழியனுப்பியவர்.

"செங்கல்வராயா, பொம்பள இங்க பேசக் கூடாதுன்னு உம் பொண்ணுக்குத் தெரியும். கேக்கணும்னா உன் மூலமாக் கேக்கச் சொல்லு."

"சரி" என்றேன். "நைனா, மாமாவக் கேளு. போன திருவிழாவுக்குச் சுண்ணாம்புக்குளத்துலேர்ந்து ஜெனரேட்டரு ஏத்திக்கினு வந்த படகு எதுக்குக் கவுந்துச்சுன்னு கேளு."

நைனா வாயைத் திறக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. எல்லோருக்கும் கேட்டிருந்தது. அந்தப் படகில் வரதன் மாமாவின் மருமகன் ஒரு காலை இழந்திருந்தான்.

"அதை எதுக்கு இப்ப இழுக்கறா?" என்றார் மாமா நைனாவிடம். "கயிறு போடல. ஒரு அலையில ஜெனரேட்டரு சரிஞ்சுது, படகு மல்லாந்துது."

"நைனா, இப்ப யாராச்சும் கயிறு போடாம பாரம் ஏத்திக்கினு படகு எடுப்பாங்களான்னு கேளு."

"எடுக்க மாட்டாங்கன்னு சொல்லுபா. நாலு பக்கமும் கட்டாம எவனும் கரையத் தாண்டக் கூடாதுன்னு இதே சபைதான் கட்டளை போட்டுச்சு."

"அப்போ நான் எடுக்கலன்னா மட்டும் எப்டித் தப்பாவும்னு கேளு நைனா."

இரண்டு பேரும் நைனாவின் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவன் சிரித்தே விட்டான். வரதன் மாமாவுக்குக் கோபம் ஏறியது.

"அது வேற, இது வேறன்னு சொல்லு செங்கல்வராயா! படகுல ஆளுங்க இருந்தாங்க. எங்க மாப்பிள இருந்தாரு. இது சரக்கு பிளேனு. உள்ள யாரு இருந்தா? ஆளே இல்லியே!"

அவர் முடித்துவிட்டு நைனாவைப் பார்த்தார். எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள்.

"நான் இருந்தேன் மாமா" என்றேன்.

கத்தவில்லை. கத்தத் தோன்றவில்லை. அவர் முதல் முறையாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நான் இருந்தேன். எங்கூட ஜோஷ்வான்னு ஒரு பையன் இருந்தான். ரெண்டு பேரு. ஓட்டறது யாருன்னு நெனச்சீங்க? பொட்டு வெக்கும்போது மட்டும் அது பானு பிளேனு. கவுறும்போது ஆளில்லாத பிளேனா?"

"அப்டிப் பயந்தா பொழப்பு நடக்குமாம்மா?" என்றான் தனசேகர். "நாங்கல்லாம் தினம் கடலுக்குப் போகல? சாவுக்குப் பயந்துக்கினு வூட்லயா குந்திக்கினு கீறோம்?"

"பயம்தான்ணே. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. உனக்கு நண்டு செத்துச்சுன்னு கோவம். நான் செத்திருந்தா நீ நண்டும் போச்சேன்னு அழுதிருப்ப."

பூவரச மரத்தடியில் ஒரு அசைவு. அம்மா எழுந்து நின்றிருந்தாள். என்னை வாய்மூடச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"போதும்" என்றார் வரதன் மாமா. "செங்கல்வராயா, வுழுந்து எழுந்து முடிச்சுக்க. பாடு உனக்குத்தான். ஊருக்கு உன் மேல கோவம் இல்ல."

நைனா முழங்காலை மடக்கினார். ஒரு கை மணலில் ஊன்றியிருந்தது. அப்படியே நின்றுவிட்டார். தலையைத் திருப்பாமல், மணலைப் பார்த்தபடி கேட்டார். நான் வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

"அந்த மெஷினு அவுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"கெளம்பி மூக்கைத் தூக்கறப்ப அது பின்னால ஓடும் நைனா. வாலு பாரமாயிடும். மூக்கு மேலயே போவும். நான் எவ்ளோ அமுத்தினாலும் எறங்காது. கொஞ்ச நேரம் அப்டியே நிக்கும். அப்பறம் மொத்தமா வுழும்."

"எங்க?"

"ரன்வே தாண்டி. அங்க வீடுங்க கீது."

அவர் கை மணலிலேயே இருந்தது. விரல்கள் மட்டும் மூடித் திறந்தன. பிறகு எழுந்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். சபைக்கு நடுவில் தோளில் துண்டு போட்டு யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

"பாடு வாணாம்" என்றார்.

"யோசிச்சுப் பேசு செங்கல்வராயா."

"யோசிச்சுட்டேன்."

கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே போனார். என்னைத் தாண்டும்போதும் பார்க்கவில்லை. வரதன் மாமா அடுத்த தலைக்கட்டின் பெயரைக் கேட்டார். யாரோ சொன்னார்கள். அவ்வளவு சுலபமாக, எங்கள் முகத்துவாரம் கை மாறியது.

எனக்கு அழுகை வர வேண்டிய இடம் அது. வரவில்லை. அவர் விழவில்லை என்பது எனக்கு ஏன் ஆறுதல் தரவில்லை என்று நின்று யோசித்தேன். நான் எப்படிச் சாவேன் என்று படிப்படியாக விளக்கிச் சொன்ன பிறகுதான் என் நைனாவால் நிமிர முடிந்தது. அதற்கு முன்பு முழங்கால் மடங்கத்தான் செய்தது. அதை நான் பார்த்தேன். மறக்க முடியுமா என்று தெரியவில்லை. இந்த அமாவாசைக்கு அவர் எங்கே வலை போடுவார் என்பதும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக நெஞ்சில் கிடந்தன.

கூட்டம் கலைந்தது. பெட்டியை யாரும் தொடவில்லை. நான் அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். சாறு கழுத்தில் வழிந்தது. ஏரிக்கரைவரை எங்கும் இறக்காமல் நடந்தேன். வழக்கம் என்பதால் இல்லை. தரையில் வைத்தாள் என்று சொல்ல இன்னொரு வாய்ப்பைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

தண்ணீர் ஓரத்தில் பெட்டியைச் சாய்த்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கட்டோட தண்ணில போடாத."

அம்மா. மூச்சு வாங்க வந்து பக்கத்தில் குந்தினாள். மடியிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள். ஒரு நண்டை எடுத்து, நூலை அறுத்து, தண்ணீரில் விட்டாள். இன்னொன்று. எனக்குக் கத்தி இல்லை. நகத்தால் முடிச்சைப் பிரிக்கப் பார்த்தேன். அசையவில்லை.

"வராது" என்றாள். "குடுடி இங்க."

கொடுத்தேன். அறுத்தாள். அடுத்ததை எடுத்தாள். கைவிட்டுப்போன பாடு முறையை நினைக்கிறாள், நைனாவை நினைக்கிறாள், நாளைக்குக் குழாயடியில் என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் சமாதானம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. "ஆளே இல்லாத" என்று போனில் அவள் சொன்ன சொல் இன்னும் என் பல்லிடுக்கில்தான் இருந்தது.

கடைசி நண்டின் கட்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். எத்தனை கை மாறி, ஏறி, இறங்கி, வெயிலில் வெந்து வந்த கட்டு.

"ஒண்ணுகூட அவுறல பாரு" என்றாள். பிறகு கத்தியை நிறுத்தினாள். "அந்த மெஷின எவன்டி கட்னான்?"

"தெரியலம்மா. யாரோ."

"பேரு இன்னா?"

"தெரியாது."

"தெரிஞ்சுக்கினு வா." நூலை ஒரே இழுப்பில் அறுத்தாள். நண்டு தண்ணீரில் விழுந்தது. "உள்ள எம் பொண்ணு குந்திக்கினு கீறா, பட்டைய இழுத்துக் கட்டாம எவன் போனான்னு நானே வந்து கேக்கறேன்."